6 பேர் சாப்பிடப் போனோம், பசியோடு திரும்பினோம்!

அம்மாவுக்கு 60 வயது நிறைந்தது. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிடுவது என்று முடிவு செய்தோம்.

"சரவணா, பவன் எல்லாம் போயாச்சுப்பா. புதுசா ஒரு ஓட்டல் வந்திருக்கு. அங்கே போகலாம்" என்றாள் என் மகள்.

புது ஓட்டல் என்றால் "பியூஷன்" ஓட்டல். அதாவது, நம் நாட்டுச் சமையலையும் வெளிநாட்டுச் சமையலையும் கலந்து சமைக்கும் ஓட்டல். சென்னையில் இப்போது இந்த மாதிரி ஓட்டல்கள் பெருகி வருகின்றன. கோவையிலும் மதுரையிலும் வந்துவிட்டன. வாசலில் மங்கலான விளக்கு, உள்ளே பித்தளை அண்டா, சுவரில் பழைய சினிமாப் படம். நாற்காலி மட்டும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது!

அப்பா, அம்மா, நான், என் மனைவி, இரண்டு குழந்தைகள். மொத்தம் 6 பேர். ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்குப் போய் உட்கார்ந்தோம்.

பெயரைப் படித்தால் நாக்கில் நீர் ஊறும்

உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகை போல் கனமாக இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீயே சொல்லுப்பா" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

"ரசம் ஷாட்", "செட்டிநாட்டு பாஸ்தா", "பிசிபேளாபாத் ரிசோட்டோ", "சுண்டல் டாக்கோ", "பணியாரம் வித் ஸ்மோக்கி டிப்", "பில்டர் காபி திராமிசு".

எல்லாம் தெரிந்த பெயரில் பாதி, தெரியாத பெயரில் பாதி!

அம்மா முட்டைகூடச் சாப்பிடமாட்டார். எனக்கு 8 வயதில் மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பேனா என்றிருந்தது. அப்போது, "பிள்ளை பிழைத்தால் கவிச்சியைத் தொடமாட்டேன்" என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அன்று விட்டதுதான். அதுவரை மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத அம்மா, அதன் பிறகு கருவாட்டு வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவார்.

அதனால் என் மனைவி பரிமாறும் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதெல்லாம் சைவம்தானே? முட்டை கிட்டை கிடையாதே?" என்று கேட்டாள்.

"எல்லாம் வெஜ்தான் மேடம்" என்றான் அவன்.

தட்டு பெரிசு, சாப்பாடு சிறிசு

முதலில் ரசம் வந்தது. மருந்து குடிக்கும் அளவு கண்ணாடிக் குப்பியில், ஆளுக்கு ஒன்று. விலை 280 ரூபாய். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சோறு எப்ப வரும்?" என்றார்.

அதன்பின் 40 நிமிடம் ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்தது சுண்டல் டாக்கோ. சோள அப்பளத்தை மடித்து அதில் மாங்காய் சுண்டல் வைத்திருந்தார்கள். மொத்தம் இரண்டு. 6 பேருக்கு இரண்டு! பையன் ஒன்றை எடுத்துக் கடித்தான். அப்பளம் உடைந்து சுண்டல் மடியில் கொட்டியது.

பாஸ்தாவில் மிளகும் சோம்பும் சேர்த்து "செட்டிநாடு" என்று பெயர் வைத்திருந்தார்கள். அதோடு பாலாடையும் சேர்ந்து, காரமும் இல்லை, இனிப்பும் இல்லை. பிசிபேளாபாத் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் கை அகலத் தட்டில், நடுவே ஒரு உள்ளங்கை அளவுதான். குழந்தைகள் வழித்துத் தின்றுவிட்டார்கள்.

அம்மாவுக்குப் பணியாரம் பிடித்திருந்தது. 5 பணியாரம். மேலே வெள்ளையாக ஒரு குழம்பு ஊற்றியிருந்தார்கள். "தயிர் மாதிரியும் இருக்கு, வெண்ணெய் மாதிரியும் இருக்கு" என்று சொல்லி மூன்று சாப்பிட்டார்.

நான் நான்காவதை எடுத்து வாயில் வைத்தேன். சந்தேகம் வந்தது.

வாளியில் இருந்த முக்கோணம்

பையனைக் கூப்பிட்டு, "இது மயோனைசா?" என்று கேட்டேன். "ஆமாம் சார்" என்றான். "முட்டை போட்டதா, போடாததா?" என்றேன். அவன் விழித்தான்.

மானேஜர் வந்தார். "வெஜ்தான் சார், நாங்கள் கறி எதுவும் சேர்ப்பதில்லை" என்றார். அவர் கணக்கில் முட்டை கறி இல்லை!

"டப்பாவைக் காட்டுங்கள்" என்றேன். முதலில் மறுத்தார். நான் எழுந்து நின்றதும் சமையல் கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு சிறு சதுரம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்.

வாசகர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடைத்து விற்கும் உணவில் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் பழுப்பு வட்டமே இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக அதை முக்கோணமாக மாற்றினார்கள். சட்டப்படி முட்டையும் அசைவக் கணக்கில்தான் சேரும். பாலும் தேனும் சேராது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திராமிசு வந்தது. அதையும் அம்மாவின் பக்கம் தள்ளாதபடி நான் தடுத்தேன். பழைய முறைப்படி செய்தால் அதிலும் முட்டையின் மஞ்சள் கரு உண்டு.

மயோனைசில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பச்சை முட்டையை அடித்துச் செய்யும் மயோனைஸ் வயிற்றுக்கு ஆபத்து என்று, தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் எளிதாக வளரும். இந்த ஓட்டலில் இருந்தது கம்பெனியில் அடைத்து வந்த சரக்கு. அந்த வகை அல்ல. ஆனால் சைவக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பண்டங்களில் இப்படி மறைந்திருப்பவை பல. தாய்லாந்துக் குழம்பிலும் கொரியாவின் கிம்ச்சியிலும் பெரும்பாலும் மீன் சாறோ இறால் சாறோ இருக்கும். சில சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்ப்பார்கள். கட்டியாக ஆடும் சில இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் ஆகியவற்றிலிருந்து எடுப்பது. "சைவமா?" என்று கேட்டால் போதாது. பொருளின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

பில் வந்தது!

பணியாரம் 340, ரசம் 280, ரிசோட்டோ 460, பாஸ்தா 480, டாக்கோ 360, திராமிசு 390. சாதாத் தண்ணீர் கேட்டோம். வந்தது இரண்டு பாட்டில், அதற்கு 180. ஆக 2,490 ரூபாய்.

அதற்குக் கீழே "சர்வீஸ் சார்ஜ்" 10 சதவீதம் 249 ரூபாய். அதையும் கூட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மொத்தம் 2,876 ரூபாய்! வரிக்கும் வழி உண்டு. சேவைக் கட்டணத்துக்கு?

"இது எங்கள் ஓட்டல் வழக்கம் சார்" என்றார் மானேஜர்.

வழக்கம் என்றால் சட்டம் ஆகிவிடாது. சேவைக் கட்டணத்தை ஓட்டல்கள் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஓட்டல்காரர்களின் சங்கங்கள் வழக்குப் போட்டன. விதிகள் செல்லும் என்று 2025 மார்ச் 28-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பரிமாறியவருக்கு விருப்பப்பட்டு நாம் கொடுப்பது வேறு. கட்டாயப்படுத்தி வாங்குவது வேறு.

இதைச் சொன்னதும் மானேஜர் மறுபேச்சுப் பேசாமல் வேறு பில் கொண்டுவந்தார். 261 ரூபாய் குறைந்தது. பணியாரத்துக்கும் பணம் வேண்டாம் என்றார். "அதைக் கழிக்க வேண்டாம். தின்றாகிவிட்டது" என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா அங்கே பேசியது அது ஒன்றுதான்.

(தண்ணீர் பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டலுக்குள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதனால் "பாட்டில் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.)

கலப்படம் அல்ல, கலவை

இதனால் கலவைச் சமையலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை இல்லாமல் இன்று நம் வீட்டில் அடுப்பு எரியுமா?

சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். "அத்தோ" கடைகள் இருக்கும். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. பிழைப்பு இழந்து கப்பல் ஏறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். என்ன போடுகிறார்கள் என்பது கண்ணெதிரே தெரியும். முட்டை வேண்டாம் என்றால் போடமாட்டார்கள். வயிறும் நிறையும்.

பெங்களூரில் பிறந்த ரவா இட்லியும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல் ரவையில் செய்து பார்த்தது என்று மாவள்ளி டிபன் ரூம்காரர்கள் சொல்கிறார்கள்.

புகார் கொடுத்தேனா?

கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஓட்டலிலும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்டால் புகார் சரியான இடத்துக்குப் போகும். பில்லைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது.

நான் போனை எடுத்தேன். அம்மா தடுத்தார்.

"அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து 4 நாள்தான் ஆகுதாம். நீ எழுதிக் கொடுத்தா, முதலாளி அவனைத்தான் அனுப்புவார்" என்றார். நான் மானேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா அந்தப் பையனிடம் ஊர், பேர் எல்லாம் விசாரித்திருக்கிறார்!

ஓட்டலின் பெயர் இங்கே இல்லாததற்கு அதுதான் காரணம்.

வீடு வந்து சேர்ந்தபோது இரவு மணி 11. அம்மா நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். முருகன் படத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்றார். பிறகு ஈரத் தலையோடு சமையல் கட்டுக்குப் போனார்.

"யாருக்கெல்லாம் பசிக்குது?" என்று குரல் வந்தது.

6 பேருக்கும் பசித்தது. பத்து நிமிடத்தில் ரசம் கொதித்தது. அப்பா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.