வசாபியின் காரம் நம் கடுகிலும் முருங்கையிலும் உண்டு

சென்னை புளியந்தோப்பிலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொன்னேரிப் பக்கம் அவருக்குப் பூர்வீக நிலம் 60 சென்ட் இருக்கிறது. ஜப்பான் நாட்டு ‘வசாபி’யைப் பயிர் செய்தால் நெல்லைப் போலப் பல மடங்கு வருமானம் கிடைக்கும், நாற்றும் நாங்களே தருகிறோம், விளைந்ததையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாற்றுக்குப் பணம் மட்டும் முன்னதாகக் கட்ட வேண்டுமாம். வீட்டு நகையை அடகு வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. “எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் முருங்கையின் வேரும் அதே காரம்தான் என்கிறார்கள். அதையாவது தோண்டி விற்கலாமா?”

இரண்டுக்கும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். ஆனால் அவருடைய இரண்டாவது கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. அது பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வசாபி என்பது கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. இலை வட்டமாக, இதய வடிவில் இருக்கும். உணவுக்குப் பயன்படுவது அதன் தடித்த அடித்தண்டு. இஞ்சியைத் துருவுவது போல இதைத் துருவி, பச்சை நிற விழுதாக்கி, பச்சை மீனுடன் சிறிது தொட்டுக்கொண்டு சாப்பிடுவது ஜப்பானியர் வழக்கம். சுறா மீனின் சொரசொரப்பான தோலை ஒட்டிய பலகையில் துருவினால்தான் விழுது நன்றாக வரும் என்பார்கள். துருவிய கால் மணி நேரத்திற்குள் காரம் பறந்துவிடும். எனவே வேண்டும்போதுதான் துருவுவார்கள்.

இப்போது சென்னையின் பெரிய கடைகளிலும் குழாயில் அடைத்த ‘வசாபி’ கிடைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் உண்மையான வசாபி மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஐரோப்பாவில் விளையும் ‘ஹார்ஸ் ராடிஷ்’ என்ற கார வேரின் தூள், கடுகுத் தூள், மாவு, பச்சை நிறம் ஆகியவற்றின் கலவைதான் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. வாங்குவோர் அட்டையில் அச்சிட்ட பொருள் விவரத்தைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. ஏனென்றால் மூன்றிலும் காரத்தைத் தருவது ஒரே பொருள்தான்.

காரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கடுகை எடுத்து முகர்ந்து பாருங்கள். வாசனை எதுவும் இராது. அதையே குளிர்ந்த நீர் விட்டு அம்மியில் அரைத்து, ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்தால் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும். முழுக் கடுகில் அந்தக் காரம் இல்லை. அரைக்கும்போதுதான் அது உண்டாகிறது.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவை தட்டில் தனித்தனியே இருக்கும்வரை சிவப்பதில்லை. சேர்த்து மென்றால்தான் வாய் சிவக்கிறது. கடுகிலும் அப்படியே. குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சத்துள்ள பொருள் ஓர் அறையில் இருக்கிறது. மைரோசினேஸ் என்னும் நொதி வேறோர் அறையில் இருக்கிறது. அரைக்கும்போதோ துருவும்போதோ அறைச் சுவர்கள் உடைந்து, ஈரத்தில் இரண்டும் சேர்ந்து, காரமான எண்ணெய் பிறக்கிறது. கடுகிலும் வசாபியிலும் ஹார்ஸ் ராடிஷிலும் இவ்வாறு உண்டாகும் முக்கிய எண்ணெய்க்கு அல்லைல் ஐசோதயோசயனேட் என்று பெயர். செடி இதை நமக்காகத் தயாரிக்கவில்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டவே வைத்திருக்கிறது.

மிளகாயின் காரம் வேறு. அது நாக்கிலேயே தங்கி நெடுநேரம் எரியும். கடுகு எண்ணெய் ஆவியாகக்கூடியது. ஆகவே மூக்குக்கு ஏறி, சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

நாம் கடுகைத் தாளிக்கிறோம். கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது நொதி செத்துவிடுகிறது. எனவே தாளித்த கடுகில் வறுத்த மணம் உண்டு, காரம் இல்லை. வெந்நீர் விட்டு அரைத்தாலும் இதே கதைதான். ஆந்திரத்து ஆவக்காய் ஊறுகாயில் கடுகைப் பச்சையாகப் பொடித்துச் சேர்ப்பதால்தான் அது மூக்கைத் துளைக்கிறது.

முருங்கை கடுகின் குடும்பம் அல்ல. ஆனாலும் தூரத்து உறவு. முருங்கை, பப்பாளி, கடுகு எல்லாம் ஒரே வரிசையில் வைக்கப்படும் செடிகள். முருங்கை வேரில் பென்சைல் வகையைச் சேர்ந்த இதே போன்ற காரப்பொருள் இருக்கிறது. பப்பாளி விதையை மென்று பார்த்தவர்களுக்கும் அந்தக் காரம் தெரிந்திருக்கும்.

ஆங்கிலேயர் கண்டுபிடித்த மாற்று

ஆங்கிலேயர்கள் சுட்ட மாட்டிறைச்சியுடன் ஹார்ஸ் ராடிஷ் வேரைத் துருவிச் சாப்பிடுவது வழக்கம். அந்தச் செடி குளிர்நாட்டுப் பயிர். இங்கே வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. தோட்டத்தில் நின்ற முருங்கையின் வேரைச் சுரண்டிப் பார்த்தார்கள். சுவை ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. அதிலிருந்து முருங்கைக்கே ‘ஹார்ஸ் ராடிஷ் மரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தப் பெயரும் அதற்கான காரணமும் பதிவாகியிருக்கின்றன. தென்னிந்தியாவில் அதே மரத்துக்கு ‘முரசுக் கோல் மரம்’ என்ற பொருளில் வேறொரு ஆங்கிலப் பெயர் இருப்பதையும் அந்த அகராதி சொல்கிறது. தாவர நூலார் வைத்த ‘மொரிங்கா’ என்ற பெயரோ, முருங்கை என்ற நம் சொல்லிலிருந்தே போனது. ஆக, புளியந்தோப்பு அன்பர் கேள்விப்பட்டது கட்டுக்கதை அல்ல.

ஆனாலும் வேரைத் தோண்டக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. முருங்கை வேரில், முக்கியமாக வேரின் பட்டையில், நரம்புகளையும் இதயத்தையும் பாதிக்கக்கூடிய நச்சுத்தன்மையுள்ள பொருள்கள் இருக்கின்றன. கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. பழைய காலத்து ஆங்கிலேயர் வீட்டில் ஒரு கரண்டி துருவிச் சாப்பிட்டார்கள் என்பதற்காக, அளவு தெரியாமல் இன்று அதை உணவாக விற்பது பெரும் தவறு. தவிரவும், வேரைத் தோண்டினால் மரம் போய்விடும். ஆண்டு முழுவதும் கீரையும் காயும் தரும் மரத்தை ஒரு கூடை வேருக்காக இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சத்து எதில் அதிகம்?

100 கிராம் பச்சை வசாபியில் சுமார் 42 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’யும், 128 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 கிராம் வசாபியை யார் சாப்பிட முடியும்? ஒரு வேளைக்குத் தொட்டுக்கொள்வது 5 கிராம் அளவுதான். அதில் கிடைப்பது 2 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’. அரை எலுமிச்சம்பழம் இதைப் போலப் பல மடங்கு தரும். வசாபி சுவைப்பொருள், சத்துணவு அல்ல. கிருமிகளை அடக்கும் தன்மை அதற்கு இருப்பது உண்மை. ஆயினும் தொட்டுக்கொள்ளும் அளவு வசாபி, கெட்டுப்போன மீனை நல்ல மீனாக்கிவிடாது. காசிமேட்டு மீனைப் பச்சையாகத் தின்று பார்க்கலாம் என்று எந்த இளைஞராவது நினைத்தால், வசாபியை நம்பி அதைச் செய்ய வேண்டாம்.

முருங்கைக்கீரையைப் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் கீரையில் புரதம் 6.7 கிராம், சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம், வைட்டமின் ‘சி’ 220 மில்லிகிராம் உள்ளன. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ‘ஏ’யாக உடலில் மாறும் கரோட்டீனும் ஏராளம். கீரையை நாம் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். சமைக்கும்போது வைட்டமின் ‘சி’யில் பெரும்பகுதி அழிந்துவிடும் என்பதால், பருப்பு வெந்த பிறகு கீரையைப் போட்டு, சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். காய வைத்துப் பொடி செய்வோர் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் கரோட்டீன் வீணாகும்.

முள்ளங்கியையும் இங்கே சொல்ல வேண்டும். பச்சை முள்ளங்கியைத் துருவி, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து உடனே சாப்பிட்டால் வசாபியின் சாயல் கொண்ட காரம் இலேசாகத் தெரியும். சாம்பாரில் வேகவைத்தால் அது போய்விடுகிறது. நம் வீடுகளில் கிழங்கை வைத்துக்கொண்டு இலையை மாட்டுக்குப் போடுகிறோம். சத்து அதிகம் இருப்பது இலையில்தான். பருப்புடன் கூட்டாகவோ பொரியலாகவோ செய்யலாம்.

வசாபியின் சுவை எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சிறு கடுகு ஒரு தேக்கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். ஒரு பச்சை மிளகாய், இரண்டு தேக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்து, நீர் தெளித்து அரைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு உப்பு சேர்த்து, ஒரு கிண்ணம் தயிரிலும் நறுக்கிய வெள்ளரியிலும் கலக்கலாம். அடுப்பில் வைக்கக் கூடாது. வறுத்த மீனுக்கு இந்தப் பச்சடி மிகவும் பொருந்தும். வங்காளத்தார் மீனுக்குக் கடுகு அரைப்பதன் அருமை அப்போது விளங்கும். குழந்தைகளுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இந்தக் காரம் ஆகாது.

பொன்னேரியில் வசாபி வருமா?

வராது. வசாபிக்கு நிழல் வேண்டும். ஆண்டு முழுவதும் 8 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி வேண்டும். உயர்ந்த தரத்திற்கு, 12 முதல் 15 டிகிரி வரையிலான தெளிந்த ஊற்று நீர் வேரடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பானில் சிசுவோகா, நாகானோ மாவட்டங்களின் மலையோடைகளில் கல்லும் மணலும் பரப்பிப் படிப்படியாக வயல் அமைத்து வளர்க்கிறார்கள். சிசுவோகாவின் இந்தப் பழைய சாகுபடி முறையை 2018-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. நட்டதிலிருந்து அறுவடைக்கு ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும்.

நம் பக்கம் ஜனவரி மாத இரவில்கூடச் சராசரி வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மே மாதப் பகலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் அரை நூற்றாண்டாக நிலத்தடியில் கடல்நீர் ஏறி, பல கிணறுகள் உப்பாகிவிட்டதையும் உழவர்கள் அறிவார்கள். குளிரூட்டிய கூடாரத்தில் வளர்க்கலாம் என்பார்கள். மின்கட்டணத்தை யார் கட்டுவது? நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் ஆராய்ச்சியாகச் செய்து பார்க்கலாம். சிறு விவசாயி கடன் வாங்கிச் செய்யும் பயிர் அல்ல. நாற்றுக்கு முன்பணம் கேட்பவர் யாராயினும், இதே தட்பவெப்பத்தில் விளைந்து நிற்கும் வயலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.

60 சென்ட் நிலத்தில், தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதி இருந்தால் செடி முருங்கை நடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 இரகம் விதையிலிருந்து வளர்ந்து ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் குழி எடுத்தால் 60 சென்டுக்குச் சுமார் 390 செடிகள் பிடிக்கும். முழங்கை நீள அகலத்தில், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு விதையை ஓரங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் நிறைய வரும். பூக்கும் சமயம் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளாதபடி விதைப்பைத் திட்டமிடுங்கள். களிமண் வயலில் நடுவதானால் மேட்டுப்பாத்தி அவசியம். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மரம் சாய்ந்த பிறகு வருந்திப் பயனில்லை. கிணற்று நீரில் உப்பு இருக்குமானால் முதலில் நீரையும் மண்ணையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்றாமல், முதலில் 20 சென்டில் நட்டுப் பார்க்கும்படி அன்பருக்கு எழுதியிருக்கிறேன்.

வீட்டு முருங்கையைக் கம்பளிப்புழுவுக்குப் பயந்து வெட்டிவிடலாமா என்று நகரத்து வாசகர் பலர் கேட்கிறார்கள். காரப்பொருள் இவ்வளவு இருந்தும் அந்தப் புழு மட்டும் அதைச் சட்டை செய்வதில்லை! பகலில் புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது தீப்பந்தத்தால் பட்டை கருகாமல் வாட்டிவிடலாம். அல்லது மீன் எண்ணெய் சோப்பு 25 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து அந்தக் கூட்டத்தின் மேல் தெளிக்கலாம். தெளித்த கையோடு கீரை பறிக்க வேண்டாம். சில நாள் விட்டு நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள். மண், நீர்ப் பரிசோதனை பற்றியும் விதை கிடைக்கும் இடம் பற்றியும் திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.