உங்களுக்குத் தெரியுமா? லாலாகுடா ஒர்க்‌ஷாப்பும் ‘எச்.ஆர். மேடமும்’

● லாலாகுடா ரயில்வே கேரேஜ் ஒர்க்‌ஷாப்பை 1893-ல் தொடங்கியது நிஜாம் உத்தரவாத ரயில்வே. இன்று அது தென்மத்திய ரயில்வேயின் கையில். சீனியாரிட்டி லிஸ்ட், பிரமோஷன், பாஸ், பணியில் இறந்தவர் வீட்டாருக்குக் கருணை வேலை என்று ரயில்வேயில் எல்லாமே பர்சனல் பிரிவு வழியாகத்தான் நகரும். அதே ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டியில் இந்த மாதிரி வேலைக்குப் பெயர் எச்.ஆர். பர்சனல் ஆபீசர் என்றால் ஓர் ஆணும், எச்.ஆர். என்றால் ஒரு பெண்ணும் நம் மனதில் வந்து நிற்கிறார்களே, அது எப்படி?

● பிரிட்டனில் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். யார்க் நகரத்து ரவுண்ட்ரீ கோகோ ஆலை 1896-ல் மேரி வுட் என்பவரைத் தொழிலாளர் நலனைக் கவனிக்க நியமித்தது. 1913-ல் அதே ஊரில் பிறந்த நலப் பணியாளர் சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். 1931-ல் அந்தச் சங்கத்தின் பெயரில் ‘நலம்’ போய் ‘தொழிலாளர் நிர்வாகம்’ ஏறியது. சம்பளப் பேச்சுவார்த்தை, யூனியன் என்று அதிகாரம் சேரச் சேர ஆண்களும் அதிகம் வந்தார்கள்.

● இந்தியாவில் ஆளெடுப்பு மேஸ்திரிகள் கையில் இருந்தது. அந்தப் பிடியை உடைக்க லேபர் ஆபீசர் வேண்டும் என்றது விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், 1931-ல். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது.

● இதே சட்டம்தான் பெண்களுக்குக் கேட்டையும் மூடியது. இரவு 7 முதல் காலை 6 வரை ஆலையில் பெண்களுக்கு வேலை இல்லை என்றது 66-வது பிரிவு. மாநில அரசு நேரத்தைத் தளர்த்த அதில் இடமிருந்தது. ஆனால் மீன் பதனிடும் ஆலைகள் தவிர மற்ற இடங்களில் இரவு 10 முதல் காலை 5 வரை தளர்வே கிடையாது என்றிருந்தது. மேற்பார்வை, நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு வேலைநேர விதிகளிலிருந்து விலக்குத் தந்தது 64-வது பிரிவு. அந்த விலக்கிலும் ஒரே ஒரு விதிவிலக்கு: பெண்ணுக்கான இரவுத் தடை! ஆபீசராகவே இருந்தாலும் நைட் ஷிப்டில் தகராறு என்றால் அவர் வரக் கூடாது என்ற நிலை. பிறகு, ‘ஃபாக்டரி பர்சனலுக்குப் பெண் சரிப்படாது’ என்று சொல்வது எவ்வளவு சுலபம்! தகுதியைக் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை.

● அந்த இரவுத் தடை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2000-ல் தீர்ப்பளித்தது சென்னை உயர் நீதிமன்றம். வழக்குப் போட்டவர் வசந்தா என்ற பெண்.

● 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். சமூகப் பணி சொல்லித்தரப் பிறந்த அந்தக் கல்லூரியில் இன்று எச்.ஆர். எனப்படும் மனிதவள மேலாண்மையும் பாடம்.

● ‘கல்யாணம் எப்போ? குழந்தை எப்போ?’ என்று இன்டர்வியூவில் கேட்பது விசாரிப்பு அல்ல, வடிகட்டல். ஆளெடுப்பில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்று 1976-ன் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. பேறுகால விடுப்பை 26 வாரமாக்கிய 2017-ன் திருத்தம் ஒருபடி மேலே போனது: வேலையில் சேரும்போதே பேறுகாலச் சலுகைகளைப் பெண்ணிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதத்தைத் தரவேண்டிய எச்.ஆரே அந்தக் கேள்வியைக் கேட்டால், அதைவிட வருத்தம் வேறில்லை.

● விடுப்பு விதிகளிலும் குழந்தை பெண்ணின் பக்கம்தான். மத்திய அரசு ஊழியர்களில் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு 2008-ல் வந்தது: பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். மனைவியை இழந்தோ பிரிந்தோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாவுக்கு அது கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. மனைவியோடு வாழும் அப்பாவுக்குக் குழந்தை பிறக்கும்போது 15 நாள், அதோடு சரி.