இரட்டையருக்கு இரண்டு பாய்

சாலொமோன் தீர்த்த வழக்கை நாம் அறிவோம். அது தொடங்கிய விதத்தை அதிகம் கவனிப்பதில்லை. உறக்கத்தில் தாய் புரண்டு படுத்ததினால் ஒரு பிள்ளை மரித்தது (1 இராஜாக்கள் 3:19).

தேவராவின் ஒற்றை அறை வாடகை வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால், இருவரையும் ஒரே தொட்டிலில் இடவோ, தாயின் இருபுறமும் கிடத்தவோ தோன்றும். கருவில் சேர்ந்திருந்தவர்களைப் பிரிக்கலாமா என்பார்கள் பாட்டிமார். அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும், இரட்டையர் பெரும்பாலும் குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கிறவர்கள். ஒருவர் கை மற்றவரின் மூக்கை மூடினால் விலக்கப் பெலனிராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தனித்தனிப் படுக்கையையே சொல்லுகிறது.

இதற்குக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. தாய் உறங்கும் அறையிலேயே, சற்று இடைவெளிவிட்டு இரண்டு பாய்கள். மேலே இறுக்கமாக விரித்த துணி. தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம். மல்லாக்கவே கிடத்துங்கள். 1994-ல் அமெரிக்காவில் இதைப் பரப்பத் தொடங்கிய பின்பு, திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கொச்சிக் கொசுவுக்கு வலை அவசியம். அது முகத்தில் படாதிருக்கட்டும். தூளியில் பச்சிளம் பிள்ளையின் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடலாம். இரவுத் தூக்கத்துக்கு அது ஆகாது.

நள்ளிரவில் பால் குடித்த பிள்ளையைத் தாயின் பக்கத்திலிருந்து எடுத்து அதன் பாயில் கிடத்துவது, தகப்பன்மாரே, உங்கள் வேலை.