டைம்ஷேர்: புதிதா, கைமாறியதா?

கம்பெனி தருவது பரிசும் பளபளப்பும். பழைய உறுப்பினர் தருவது குறைந்த விலை. ஆனால் இரண்டிலும் பொறிகள் உண்டு.

வணிக வளாகத்தில் கூப்பனை நிரப்பிப் போட்டால் மறுவாரமே தொலைபேசி அழைக்கும். தம்பதியாக வந்தால் பரிசு நிச்சயம் என்பார்கள். பிறகு ஓட்டல் அரங்கில் இரண்டு மணி நேரப் பேச்சு. இந்த விலை இன்று மட்டும்தான் என்ற நெருக்கடி. பலரின் வைப்பு நிதிச் சேமிப்பு அங்கேயே கையெழுத்தாகிவிடுகிறது.

1986இல் ஸ்டெர்லிங், 1996இல் மஹிந்திரா ஹாலிடேஸ் என்று இந்தியாவில் வளர்ந்த இந்த வியாபாரத்தில் விற்கப்படுவது பெரும்பாலும் மனையோ கட்டடமோ அல்ல. ஆண்டுக்குச் சில நாட்கள் தங்கும் உரிமை மட்டுமே.

ஒரு கணக்கு. 25 ஆண்டு உரிமைக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16,000. பராமரிப்புக் கட்டணம் 20,000. ஆக, ஏழு இரவுகளுக்கு 36,000, சாப்பாடு தனி. அந்த 4 லட்சம் 7 சதவீத வட்டியில் ஈட்டியிருக்கக்கூடிய 28,000 இதில் சேரவில்லை. பத்தாண்டு அனுபவித்தவர் மீதி 15 ஆண்டுகளை 1.2 லட்சத்துக்குக் கொடுத்தால், 16,000 என்பது 8,000 ஆகிவிடும். பராமரிப்புக் கட்டணம் மட்டும் குறையாது. ஊருக்கே போகாத ஆண்டிலும் கட்டியாக வேண்டும்.

இவ்வளவு விலை சரிவது ஏன்? கம்பெனி விலையில் விற்பனையாளர் கமிஷன், விளம்பரம், பரிசு எல்லாம் அடக்கம். கைமாறும்போது அதற்கு யாரும் பணம் தருவதில்லை. கட்டணச் சுமையைக் கழற்றிவிடும் அவசரமும் விற்பவருக்கு உண்டு.

ஆனால் மலிவு என்று பாய்ந்துவிட முடியாது. பெயர் மாற்றத்துக்குக் கம்பெனியின் ஒப்புதலும் அதற்கான கட்டணமும் தேவைப்படும். பழைய பாக்கி புதியவர் தலையில் விழலாம். ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற அமைப்புகளின் சலுகை தொடராமல் போகலாம். மலிவான சீசன் உரிமை என்றால் மே மாதத்தில் ஊட்டி கனவுதான். கம்பெனியிடம் நேரடியாக வாங்குவோருக்குத் தவணை வசதி உண்டு. சில ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்து செய்யவும் இடமுண்டு.

விற்க நினைப்பவருக்கும் எச்சரிக்கை தேவை. ஆள் தயார், முன்பணம் அனுப்புங்கள் என்ற தரகரின் அழைப்பு பெரும்பாலும் மோசடியே.

எப்படி வாங்கினாலும், பாக்கியில்லை என்பதையும் மீதி ஆண்டுகளையும் கம்பெனியிடமே எழுத்தில் பெறுவது அவசியம். புதிதாக வாங்குவோர், அதே உரிமை கைமாறும்போது என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரிக்கலாம். அந்த எண்தான் அதன் உண்மை விலை.