சீமைக்கருவேலம் கட்டை, கொஞ்சம் பொறுமை... வீட்டு முற்றத்திலேயே புகைக்கறி!

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது சித்தன்னவாசல். சமணத் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகளும், தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் சேர்ந்து வாழும் ஓவியமும் இருக்கும் மலை. எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று வாழ்ந்தவர்களின் இடம் அது.

மலையை விட்டு இறங்கினால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கறி விருந்துக்குப் பெயர்போன மண். விறகடுப்பு மூட்டி வயல்வெளியில் சமைத்துக் காட்டி, 2021-ல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட 'வில்லேஜ் குக்கிங் சேனல்' இதே மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பிறந்ததுதான்.

இப்போது அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'ஸ்மோக்கர்' எனப்படும் புகை அடுப்பில் கறி சமைக்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் புதுக்கோட்டைக் கண்மாய்க் கரைகளிலேயே மண்டிக் கிடக்கிறது.

டெக்சாஸின் தாயாதி

டெக்சாஸ் மாநிலத்தில் கறிக்குப் புகை போட விரும்பித் தேடும் மரம் 'மெஸ்கீட்'. அதுவும் நம் சீமைக்கருவேலமும் ஒரே இனத்து மரங்கள். பங்காளிகள் என்றே சொல்லலாம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நாம் திட்டித் தீர்க்கும் மரம் இது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அதே நேரம், தென் மாவட்டங்களில் இந்த மரத்தை வெட்டிக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் ஏராளம்.

அவர்கள் போடும் கரிமூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்மோக்கரின் சூட்சுமம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கட்டைகளை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, சின்னச் சின்ன ஓட்டை மட்டும் விடுவார்கள். காற்று குறைந்தால் நெருப்பு அடங்கும். கூடினால் கட்டை சாம்பலாகும். ஸ்மோக்கரும் அப்படித்தான். நெருப்பை ஆள்வது காற்று.

புகை நமக்குப் புதிதல்ல

வாழைத்தாரைப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது நம் ஊர் வழக்கம். சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் மாசிக் கருவாடு. உப்பும் மஞ்சளும் தடவிய ஆட்டுக்கறியை நூலில் கோத்துக் காயவைத்தால் உப்புக்கண்டம். சில வீடுகளில் அதை அடுப்புக்கு மேலேயே தொங்கவிடுவதும் உண்டு. அவை நாள்கணக்கில் கெடாமல் வைத்திருக்கச் செய்தவை. ஸ்மோக்கர் கறி ருசிக்காகச் செய்வது. அன்றன்றைக்கே சாப்பிட வேண்டியது. இந்த வித்தியாசம் முக்கியம்.

முதல் பாடம்: கோழி

ஆட்டுக்கறி விற்கிற விலையில், முதல் முயற்சியை அதில் செய்ய வேண்டாம். நாட்டுக்கோழியும் வேண்டாம், கொழுப்பு குறைவு என்பதால் காய்ந்து நார் நாராகிவிடும். ஒன்றரைக் கிலோ பிராய்லர் கோழியைத் தோலோடு வாங்கி, முதுகுப் பக்கம் வெட்டிப் புத்தகம் போல விரித்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 15 கிராம் உப்பு, மிளகு, சீரகம், மஞ்சள் தடவி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் ஸ்மோக்கரில் பற்றவைக்காத கரியைப் பரப்பி, அதன்மேல் நன்றாகக் கனிந்த கங்குகளைக் கொட்டுங்கள். கரி மேலிருந்து கீழாக மெதுவாகப் பற்றிக்கொண்டே போகும். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. அந்த வாடை கறியில் இறங்கிவிடும். கங்குக்கும் கறிக்கும் நடுவில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் சூடு சீராக இருக்கும்.

மேல் துவாரம் முழுதும் திறந்தே இருக்கட்டும். கீழ்த் துவாரத்தைக் கூட்டிக் குறைத்து, உள்ளே 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நிறுத்த வேண்டும். நன்றாகக் காய்ந்த சீமைக்கருவேலக் கட்டையில் கைப்பிடி அளவுத் துண்டு இரண்டு போதும். இதன் புகை காட்டமானது. மிதமாக வேண்டும் என்றால் கொய்யா அல்லது மாங்கட்டை போடலாம்.

முதல் முறை செய்பவர்கள் தவறுவது இங்கேதான். பொங்கிவரும் வெள்ளைப் புகையைப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். கோழியோ கரி படிந்து கசக்கும். வெள்ளைப் புகை அடங்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப் புகை வரும்போதுதான் கறியை உள்ளே வைக்க வேண்டும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது.

இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் கோழி தயாராகும். ஆனால், கடிகாரத்தை நம்பாதீர்கள், நிறத்தையும் நம்பாதீர்கள். புகை பட்ட கறி நன்றாக வெந்த பிறகும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள்.

மண்பானை சொல்லும் ரகசியம்

கோழி கைவந்த பிறகு ஆட்டின் முன்னங்கால் சப்பைக்குப் போகலாம். ஐந்தாறு மணி நேர வேலை. கறியின் உள்சூடு மளமளவென ஏறி, 65 - 70 டிகிரி வாக்கில் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆனாலும் அசையாது. 'நெருப்பு போதவில்லை' என்று பயந்து கரியை அள்ளிப் போட்டால் மேற்பக்கம் கருகிவிடும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கறியிலும் அதுவேதான் நடக்கிறது. காத்திருக்கலாம்; அல்லது வாழையிலையில் வைத்து, மேலே அலுமினியத் தாளால் இறுகச் சுற்றி மறுபடி உள்ளே வைக்கலாம். 90 டிகிரியைத் தாண்டும்போது எலும்பைச் சுற்றியுள்ள சவ்வெல்லாம் இளகி, கறி விரலாலேயே பிய்ந்து வரும். வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு பிய்க்கவும்.

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்!

* கரி நெருப்பை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மழை வந்தால் கறியை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்; அணைந்தது போலத் தெரியும் கங்கையும் வெளியே விட்டுவிடுங்கள்.

* வேலியில் கிடக்கும் எந்தக் குச்சியையும் போட்டுவிடாதீர்கள். அரளி கொடிய விஷம். அதன் புகையும் ஆபத்து. எருக்கு, கள்ளி, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் கூடாது.

* பழைய டிரம்மில் ஸ்மோக்கர் செய்வதாக இருந்தால், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ரசாயனம் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம்.

* 'புகை போட்டாச்சு, கெடாது' என்பது தப்புக் கணக்கு. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

* புகையிட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் 2015-ல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. அதனால் இது வாராவாரம் சாப்பிடும் சாப்பாடு அல்ல. விசேஷத்துக்கு ஒரு நாள்.

சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஸ்மோக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடம். காலையில் போய் ஓவியத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுப்பு மூட்டுவது வீட்டு முற்றத்தில் இருக்கட்டும். சாயங்காலம் மூடியைத் திறக்கும்போது தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு கோழி கூடவே வாங்கிவையுங்கள்!