உங்கட லோகோவுக்கு நம்பர் வைக்கிறது எப்படி?



இந்த வார எபிசோட்டில மாதிரி ரயில்களைப் பற்றிக் கதைச்சம். கடைசிப் பத்து நிமிஷத்தில சி.வி 29, சி.வி 17 எண்டு நம்பர்களா அடுக்கினது கனபேருக்கு ஒழுங்கா விளங்கியிருக்காது. காதால கேட்டு நினைவில வைக்கிற விஷயமில்லை அது. அதனால முகவரி மாத்துறதை மட்டும் இங்க எழுத்தில தாறன்.

முதல்ல அடிப்படை. பழைய அனலாக் செட்டில தண்டவாளத்தில வாற வோல்டேஜ்தான் வேகம். குமிழைத் திருகினால் அந்தத் தண்டவாளத்தில நிக்கிற எல்லா லோகோவும் சேர்ந்து ஓடும். டி.சி.சி வேற மாதிரி. தண்டவாளத்தில முழு வோல்டேஜும் எப்பவும் இருக்கும். அந்த மின்சாரம் திசை மாறி மாறிப் போகும், அந்த மாற்றத்தின் நேரம்தான் செய்தி. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெக்கன் எண்டால் அது 1. 100 அல்லது அதுக்கு மேல எண்டால் அது 0. ஒவ்வொரு செய்தியின் முன்னுக்கும் ஒரு முகவரி இருக்கும். எல்லா லோகோவும் கேட்கும், ஆனா தன்ர முகவரி எண்டால் மட்டும்தான் அசையும். வகுப்பில டீச்சர் பெயர் கூப்பிடுற மாதிரி.

லென்ஸ் எண்ட ஜெர்மன் கம்பனியின் வடிவமைப்பை அடிப்படையா வைச்சு, அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதாலதான் ஒரு கம்பனியின் டிகோடரை இன்னொரு கம்பனியின் கன்ட்ரோலரால ஓட்ட முடியுது.

புது டிகோடர் வழமையா முகவரி 3 ஓடதான் கடையில இருந்து வரும். ரெண்டு புது லோகோவை ஒண்டா வைச்சால் ரெண்டும் சேர்ந்து ஓடும், சில நேரம் சேர்ந்து மோதும். மாத்துறதுக்கு மூண்டு வழி இருக்கு.

வழி 1: புரோகிராமிங் ட்ராக்

கன்ட்ரோலரில இதுக்கெண்டு தனியா ரெண்டு வயர் முனை இருக்கும். ஒரு துண்டுத் தண்டவாளத்தில அதைப் பூட்டுங்கோ, மெயின் லைனோட தொடுக்க வேண்டாம். அதில ஒரே ஒரு லோகோவை வையுங்கோ. இங்க போற செய்திக்கு முகவரியே கிடையாது, ட்ராக்கில நிக்கிற எல்லாமே அதைக் கேட்டு மாறிடும். பிறகு மெனுவில ‘முகவரி’ எண்டதைத் தெரிஞ்சு நம்பரை அடிக்க வேண்டியதுதான்.

டிகோடர் பதில் சொல்ற விதம் வடிவானது. அதுக்கு வாய் இல்லை. அதனால மோட்டாரை ஒரு கணம், ஏறக்குறைய 6 மில்லிசெக்கன், இயக்கிக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அந்தச் சின்னத் துடிப்பைத்தான் கன்ட்ரோலர் ‘ஓம்’ எண்டு எடுத்துக்கொள்ளுது.

வழி 2: மெயின் லைனிலேயே

இங்க செய்தி ஏற்கெனவே இருக்கிற முகவரிக்குத்தான் போகும். அந்த முகவரி தெரியாட்டி ஒண்டும் செய்ய ஏலாது. ஓடிக்கொண்டிருக்கேக்க சத்தத்தையோ வேகத்தையோ திருத்த இது நல்லது. முகவரி மாத்துறதுக்கு வழி 1 தான் பாதுகாப்பு.

வழி 3: கொம்பியூட்டர்

ஜே.எம்.ஆர்.ஐ எண்ட இலவச மென்பொருளில டிகோடர்ப்ரோ எண்டு ஒரு பகுதி இருக்கு. சி.வி 8ஐயும் 7ஐயும் வாசிச்சு, எந்தக் கம்பனி, எந்த வெர்ஷன் எண்டு கண்டுபிடிக்கும். நீங்க பெட்டியில நம்பரை எழுதினால் மிச்சக் கணக்கை அதுவே பார்க்கும். கோடிங் பிடிச்ச ஆக்கள் ஆர்டுயினோ மெகாவும் ஒரு மோட்டார் ஷீல்டும் வாங்கி, டி.சி.சி-இ.எக்ஸ் எண்ட ஓப்பன் சோர்ஸ் புரோகிராமைப் போட்டு, கன்ட்ரோலரையே வீட்டில செய்யலாம்.

கணக்கு என்னெண்டால்

1 முதல் 127 வரை குட்டி முகவரி, அது சி.வி 1ல இருக்கும். அதுக்கு மேல நீள முகவரி, அது சி.வி 17லயும் 18லயும் இருக்கும். எதைப் பாவிக்கிறது எண்டு சொல்ற சுவிட்ச் சி.வி 29க்குள்ள இருக்கு. அதில 32ஐக் கூட்டினால் நீள முகவரி. வழமையான 6 அப்ப 38 ஆகும்.

ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மனுக்கு 4472 வைக்கப் போறீங்கள் எண்டு வையுங்கோ. 4472ஐ 256ஆல பிரிச்சால் ஈவு 17, மிச்சம் 120. ஈவோட 192ஐக் கூட்டி 209ஐ சி.வி 17ல போடுங்கோ. 120ஐ சி.வி 18ல போடுங்கோ. அவ்வளவுதான். அதே எஞ்சினின் பிந்திய நம்பர் 60103. அது டி.சி.சிக்குப் பெரிசு, கனபேர் கடைசி இலக்கங்களை எடுத்து 103 எண்டு வைப்பினம். அங்கதான் சிக்கல். சில கன்ட்ரோலருக்கு 103 குட்டி முகவரி, சிலதுக்கு நீளம். நண்பன் வீட்டில ஓடினது உங்கட வீட்டில ஓடாட்டி முதல்ல இதைப் பாருங்கோ.

ரீசெட் கடைசி வழி

ஓடாத லோகோ எண்டால் உடன ‘சி.வி 8ல 8 போடு’ எண்டு சொல்லுவினம். கன டிகோடர்களில அது எல்லாத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், முகவரி திரும்ப 3 ஆகும். வேலை செய்யும். ஆனா முதல்ல வாசியுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

போன வருஷம் என்ர நண்பன் ஒருத்தன்ர அப்பா தவறிட்டார். அலுமாரியில பதினொரு லோகோ. ஒண்டும் ஓடேல்லை. பழுது எண்டு நினைச்சு, வாறதுக்கு வித்துவிடச் சொல்லிட்டா அன்ரி. நாங்கள் ஒவ்வொண்டா புரோகிராமிங் ட்ராக்கில வைச்சு வாசிச்சம். பத்து நல்லா இருந்தது, முகவரிதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. கனக்க லோகோவில கேபின்ல எழுதின நம்பரேதான். ஒரு சின்னப் பச்சை டாங்க் எஞ்சினில மட்டும் 1986. அந்த எஞ்சினுக்கும் அந்த நம்பருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்ரிதான் சொன்னா, அது மாமா லண்டன் வந்த வருஷம் எண்டு. அவர் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ரீசெட் பண்ணியிருந்தால் அது வெறும் 3.

வாசிக்க முடியாட்டி இதுகளைப் பாருங்கோ:

– சில்லையும் தண்டவாளத்தையும் துடையுங்கோ. பாதிப் பிரச்சினை ஊத்தைதான்.
– மோட்டார் வயர் கழண்டிருந்தால் அந்த ‘ஓம்’ துடிப்பு வராது.
– மின்சாரம் சேமிக்கிற கபாசிட்டர் பூட்டியிருந்தால் வாசிப்புக் குழம்பலாம், முடிஞ்சால் கழட்டிப் பாருங்கோ.
– வாசிச்ச நம்பரை ஒரு துண்டில எழுதி லோகோப் பெட்டிக்குள்ள ஒட்டிவிடுங்கோ. பிறகு அதைத் திறக்கிறது நீங்களா இருக்கோணும் எண்டில்லை.

கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்!