தறிவாசலில் தெரியும் நாளைய விலை

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அந்தத் தறியில் நெய்த ஒரு துண்டைக் கடையில் 100 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தறிக்காரருக்குக் கிடைத்தது 70 ரூபாயாக இருக்கலாம். லாரி வாடகை, மொத்த வியாபாரியின் லாபம், கடைச் செலவு, வரி எல்லாம் சேர்ந்துதான் 100 ஆகிறது. தறிவாசலில் கிடைத்த 70 ரூபாய் உற்பத்தியாளர் விலை; நாம் கொடுத்த 100 ரூபாய் நுகர்வோர் விலை.

நாம் கொடுப்பது 100 ரூபாய்தானே, அந்த 70 ரூபாயைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று கேட்கிறீர்களா? 2022ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள், விடை கிடைக்கும்.

பஞ்சை ‘கேண்டி’ கணக்கில் விற்பார்கள். ஒரு கேண்டி என்பது சுமார் 356 கிலோ. அந்த ஆண்டுக் கோடையில் ஒரு கேண்டி பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பஞ்சு ஏறியதும் நூல் ஏறியது. நூல் ஏறியதும் தறிக்காரரின் செலவு ஏறியது. நூல் விலை உயர்வைக் கண்டித்து, மே மாதத்தில் திருப்பூர் பின்னலாடைத் தொழிலே வேலையை நிறுத்திப் போராடியது.

ஆனால் கடையில் துணி விலை மறுநாளே ஏறிவிடாது. பழைய விலைக்கு வாங்கிய சரக்கு அலமாரியில் இருக்கும். அது விற்று, புதுச் சரக்கு வந்த பிறகுதான் நமக்கு உறைக்கும். அதனால் தறிவாசல் விலையைக் கவனிப்பவருக்குக் கடை விலை எந்தப் பக்கம் போகும் என்பது முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த வேலையை நாடு முழுவதற்கும் செய்வதுதான் மொத்த விலைக் குறியீட்டெண். இந்தியாவில் இதை 1942இல் வெறும் 23 பொருட்களோடு தொடங்கினார்கள். 2017இல் வந்த வரிசையில் 697 பொருட்கள் இருந்தன. 2011-12ஆம் ஆண்டின் விலையை 100 என்று வைத்து, மற்ற மாதங்களை அதோடு ஒப்பிட்டார்கள். குறியீட்டெண் போன வருடம் இதே மாதத்தில் 150, இப்போது 165 என்றால், 150க்கு 15 கூடியிருக்கிறது. அதாவது பணவீக்கம் 10 சதவீதம்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே மதிப்பு கொடுப்பதில்லை. அதிகமாக விற்பனையாகும் பொருளுக்கு எடையும் அதிகம். அந்த வரிசையில் மொத்த எடை 100 என்றால், ஆலைப் பொருட்களுக்கு சுமார் 64, எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் 13, விளைபொருள், தாதுப்பொருள் போன்றவற்றுக்கு 23. டீசல் கொஞ்சம் ஏறினாலும் எண் அசையும். ஊசி இரட்டிப்பு விலை ஆனாலும் அவ்வளவாக அசையாது.

2022 மே மாதத்தில் மொத்த விலைப் பணவீக்கம் 15 சதவீதத்துக்கு மேல் போனது. நுகர்வோர் விலைப் பணவீக்கமோ சுமார் 7 சதவீதம்தான். ஏன் இந்த வித்தியாசம்? நாம் கொடுக்கும் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பஸ் கட்டணம் நுகர்வோர் கணக்கில் உண்டு. மொத்த விலைக் கணக்கில் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. ஏறிய செலவு முழுவதையும் உற்பத்தியாளரால் விலையில் ஏற்ற முடியாது. ஏற்றினால் வாங்குபவர் வேறு இடம் தேடிப் போவார். அந்தப் பாரத்தைத் தறிக்காரர் தன் வருமானத்தில் சுமக்கிறார். கடையில் துண்டு விலை ஏறவில்லையே என்று நாம் மகிழும்போது, அதை நெய்தவர் வீட்டில் செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு விலைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது நம் கண்ணில் படும்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். நாமக்கல் மண்டலத்தின் முட்டைப் பண்ணை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, நாளிதழ்களில் வரும். ஞாயிறுதோறும் அந்த விலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் தெருக் கடையின் முட்டை விலையையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் வரைபடத்தாளில் இரண்டு நிறக் கோடுகளாக வரையுங்கள்.

முதலில் ஏறுவது எந்தக் கோடு? பண்ணை விலை இறங்கும்போது கடை விலையும் அதே வேகத்தில் இறங்குகிறதா? துண்டைப் போல முட்டையை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்க முடியாது. அப்படியானால் இரண்டு கோடுகளும் எவ்வளவு நெருக்கமாக நகரும்? வரைவதற்கு முன்பே உங்கள் யூகத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.